மாத்திரையின் மாத்திரை: நெடுநேர மருந்துகளில் துணைப்பொடிகளின் பங்கு

தமிழிலக்கணம் பயில்வோர் முதலிற் கற்கும் அளவைகளுள் ஒன்று மாத்திரை. இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கைநொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் மாணவர் ஒப்பிப்பதை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அதே சொல் மருந்துக்கடையில் மருந்தின் பெயராகவும் வழங்குகிறது. அளவு என்னும் கருத்தே இரண்டிற்கும் பொது. இலக்கணத்தில் மாத்திரை காலத்தின் அளவு. மருத்துவத்தில் அது மருந்தின் அளவு. இவ்விரு பொருளும் ஒன்றாய்ச் சேரும் இடம் இக்கால மருந்தியலில் உண்டு. ஒரே முறை விழுங்கினால் பன்னிரண்டு மணியோ இருபத்துநான்கு மணியோ சிறிது சிறிதாக மருந்தை வெளிவிடும் நெடுநேர மாத்திரையே அது. இலக்கண வழக்கில் சொல்வதாயின், இது மருந்துலகின் அளபெடை.

தமிழ்த்துறை மலரில் மருந்தியலுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். பெரும்பாறையில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியே அதற்கு விடையாகும்.

பெரும்பாறையில் கண்டது

பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியில் அமைந்த சிற்றூர் பெரும்பாறை. சித்தையன்கோட்டையிலிருந்து மலையேறும் சாலை இவ்வூரைத் தொட்டுத் தாண்டிக்குடிக்குச் செல்கிறது. காப்பியும் மிளகும் மலைவாழையும் இம்மக்களின் வாழ்வாதாரம். புல்லாவெளி அருவி அருகில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக மாணவருடன் நாம் அங்குத் தங்கியிருந்தோம்.

நாம் தங்கிய இடத்திற்கு அடுத்த வீட்டில், தோட்டவேலை செய்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். காலை உணவு முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் அவருக்குத் தலைசுற்றல் மிகுந்தது. முகம் வெளுத்துத் திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். ஜீப்பில் ஏற்றிச் சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தது. மருத்துவர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எப்படிச் சாப்பிட்டீங்க?" என்றார்.

"பல்லு இல்லீங்க ஐயா, முழுங்கவும் வரலை. பாக்கு இடிக்கிற உரல்லயே போட்டு நுணுக்கிக் குடிச்சிட்டேன்" என்றார் மூதாட்டி.

அது நிஃபெடிபின் என்னும் மருந்தின் நெடுநேர வகை. பன்னிரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல உடலிற் சேரவேண்டிய மருந்து, பாக்கு உரலின் தயவால் ஒரேயடியாகச் சேர்ந்துவிட்டது. இறையருளால் மாலைக்குள் அவர் தேறினார். ஆனால் அன்று நம்மை உறுத்திய செய்தி வேறு. 'ரிடார்டு' என்ற சொல் அந்த அட்டையில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் குடும்பத்தாரால் அதைப் படிக்க இயலவில்லை. முந்தைய நாள் அவ்வட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த நாமோ அதைப் படித்தோம். ஆயினும் பொருள் அறியவில்லை. எழுத்தறிந்தும் பொருளறியாத அந்த நாணமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். ஒரு மாத்திரையை இடிப்பதால் என்ன கெட்டுவிடுகிறது? அதை அறிய, மருந்தைச் சூழ்ந்திருக்கும் பொடிகளின் கதையை அறிதல் வேண்டும்.

குளிகையிலிருந்து நெடுநேர மாத்திரை வரை

பொடியை உருட்டிக் குளிகையாக்குதல் நம் நாட்டுச் சித்தமருத்துவத்திற்கும் யூனானி மருத்துவத்திற்கும் தொன்றுதொட்ட வழக்கம். குளிகைக்கு வெள்ளியும் பொன்னும் பூசும் முறையைக் கி.பி. 1037இல் மறைந்த மருத்துவமேதை இப்னு சீனாவோடு தொடர்புபடுத்தி மருந்தியல் வரலாற்று நூல்கள் கூறும். பொடியை அச்சில் இட்டு அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் வில்லியம் பிராக்கெடன். இவர் ஓவியர். நல்ல எழுதுகோல் கிடைக்காமையால், பென்சிற்கரித் தூளைப் பசையின்றி அழுத்திக் கட்டியாக்க முயன்றவர், அவ்வழியே மருந்துத்தூளையும் அழுத்தலாம் எனக் கண்டார். கலைஞன் ஒருவனின் தேவை மருத்துவத்திற்குக் கொடையாயிற்று.

இயல்பான மாத்திரை வயிற்றில் விரைந்து உடைகிறது. மேற்பூச்சில்லாத மாத்திரை பதினைந்து நிமிடங்களுக்குள் நீரில் சிதையவேண்டும் என்பது இந்திய மருந்துத்தர நூலின் விதி. இதனால் இரத்தத்தில் மருந்தின் அளவு விரைந்து உயர்ந்து, பின் தாழ்கிறது. உயரும்போது தீய விளைவு, தாழும்போது பயனின்மை. இந்த ஏற்றத்தாழ்வைத் தவிர்க்கும் முயற்சியில் 1952இல் அமெரிக்காவில் ஸ்மித் கிளைன் அண்டு பிரெஞ்சு நிறுவனம் 'ஸ்பான்சூல்' என்னும் உறைமருந்தை வெளியிட்டது. வெவ்வேறு கனத்தில் மெழுகுப்பூச்சுடைய நூற்றுக்கணக்கான சிறுமணிகள் அதனுள் இருந்தன. பூச்சு மெலிந்த மணி முன்னே கரையும். தடித்தது பின்னே கரையும். நெடுநேர மருந்துகளின் வணிக வரலாறு அதனோடு விரிவடைந்தது எனலாம்.

மருந்தல்லாத பொடி

ஒரு மாத்திரையில் நோய் தீர்க்கும் பொருளுடன் வேறு பல பொடிகளும் உள்ளன. பருமனுக்கு லாக்டோஸ், பிணைப்புக்கு மாவுப்பொருள், வழுவழுப்புக்கு மெக்னீசியம் ஸ்டியரேட் எனப் பல. இவற்றைத் துணைப்பொருள்கள் என்பர். இவை தம்மளவில் நோய் தீர்ப்பதில்லை. ஆதலின் வெறும் நிரப்பி என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழை என்பதை வரலாறு காட்டுகிறது.

1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வலிப்பு நோயாளர் பலருக்கு திடீரென்று மருந்து மிகையின் நச்சுக்குறிகள் தோன்றின. மருந்து அதே ஃபெனிட்டாயின், அளவும் அதுவே. உறையில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்கு மாற்றாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருந்தது. முன்னதனுடன் குறைவாக உறிஞ்சப்பட்ட மருந்து, பின்னதனுடன் மிகுதியாக உறிஞ்சப்பட்டது. நிரப்பியை மாற்றியமை நோயாளியை மாற்றிவிட்டது.

துணைப்பொருளின் தூய்மை கெட்டால் விளையும் கேடு இதனினும் கொடிது. 1937இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு நீர்மத்தில் கரைத்து விற்ற மருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்தனர். 1986இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் அதே நச்சுக் கலந்த கிளிசரினால் பதினான்கு பேர் இறந்தனர். 2025இல் நம் தமிழகத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் அதே நச்சு கண்டறியப்பட்டது. மத்தியப்பிரதேசத்தில் அதை அருந்திய குழந்தைகள் இருபதுக்கு மேல் மாண்டனர். இவை நீர்ம மருந்துகள். நாம் பேசும் பொடிகள் அல்ல. எனினும் 'மருந்தல்லாத பகுதி' என்று எதையும் எளிதாக எண்ணலாகாது என்னும் பாடம் ஒன்றே.

நம் மூத்தோர் இதை அறிந்திருந்தனர். சித்தமருத்துவத்தில் ஒரே மருந்தைத் தேனில் கொடுப்பது ஒன்று, நெய்யில் கொடுப்பது ஒன்று, வெந்நீரில் கொடுப்பது ஒன்று. அதை அனுபானம் என்றனர். பொடியைத் துணியிற் சலித்தெடுக்கும் முறையை வஸ்திரகாயம் என்றனர். துணையும் நுண்மையும் மருந்தின் பகுதியே என்னும் தெளிவு அவ்வழக்கில் உண்டு.

நீர் கண்டால் களியாகும் பொடி

நெடுநேர மாத்திரைகளில் பரவலாகப் பயன்படும் துணைப்பொடி ஹைட்ராக்சிபுரொப்பைல் மெத்தில்செல்லுலோஸ். சுருக்கமாக எச்.பி.எம்.சி. என்பர். மரக்கூழிலும் பருத்தியிலும் உள்ள செல்லுலோசை வேதிமுறையில் மாற்றிப் பெறப்படுவது. இது காலத்தைக் கட்டும் முறையை நம் வீட்டுப் பெண்டிர் அனைவரும் அறிவர். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். கட்டியை உடைத்துப் பார்த்தால் வெளியே வெந்த பசை. உள்ளே நனையாத மாவு. வெளிப்பசையே உள்மாவை நீரிடமிருந்து காக்கும் மதிலாகிவிடுகிறது. சமையலில் இது குற்றம். மருந்தியலில் இதுவே குணம்.

மருந்தையும் எச்.பி.எம்.சி. பொடியையும் கலந்து அழுத்திய மாத்திரை வயிற்றுநீரைத் தொட்டவுடன், அதன் புறப்பரப்பு களியாகிறது. நீரில் எளிதாகக் கரையும் மருந்து அக்களியினூடே மெல்லக் கசிந்து வெளியேறும். கரையாத மருந்தோ களி சிறிது சிறிதாகத் தேயத்தேய வெளிப்படும். மாத்திரையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒருபங்கு இப்பொடியே இருப்பதுண்டு. இப்பொடியில் பல தரங்கள் உள. நூற்றுக்கு இரண்டு பங்கு கரைத்த கரைசலின் குழைமை, ஒரு தரத்தில் நீரைப்போல் நூறு மடங்கு; மற்றொன்றில் 4,000 மடங்கு; இன்னொன்றில் 1,00,000 மடங்கு. தரத்தை மாற்றினால் காலம் மாறும்.

இக்காலக் கணக்கிற்கு 1961இல் வாய்பாடு தந்தவர் டக்கேரு ஹிகுச்சி. இத்தகைய பொருளினின்று வெளிவரும் மருந்தின் அளவு, காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப அமையும் என்றார். முதல் ஒரு மணியில் நூற்றுக்கு இருபது பங்கு வெளிவந்தால், நாற்பது பங்கு வெளிவர நான்கு மணியும், அறுபது பங்கு வெளிவர ஒன்பது மணியும் ஆகும். எல்லா மாத்திரையும் இவ்வாய்பாட்டிற்கு முற்றும் அடங்குவதில்லை. எனினும் களிமதில் தடிக்கத்தடிக்க மருந்தின் பயணம் நீள்கிறது என்னும் உண்மையை இது நன்கு விளக்குகிறது.

பெரும்பாறை மூதாட்டியின் மாத்திரை இதே வகையினதா, வேறு அமைப்பினதா என்பதை நாம் ஆராயவில்லை. எவ்வகையாயினும் ஒன்று உறுதி: காலத்தைக் காத்த அமைப்பை அவர் உரல் உடைத்துவிட்டது. மதில் இடிந்தபின் கோட்டைக்குள் எவரும் காத்திருப்பதில்லை.

நுண்மையும் ஓட்டமும்

இத்தகைய பொடியைக் கொண்டு இலட்சக்கணக்கில் மாத்திரை செய்வது எளிதன்று. இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது.

களிமதில் விரைந்து அமைய வேண்டுமாயின் பொடி மிக நுண்ணியதாக இருத்தல் வேண்டும். துகள் பெரிதாயின், களி ஒன்றுகூடுமுன் துகள்களின் இடைவெளி வழியே நீர் உட்புகுந்துவிடும். மாத்திரை பிளந்து மருந்து கொட்டிவிடும். ஆனால் நுண்பொடியோ ஓடுவதில்லை. மிளகைச் சாக்கிலிருந்து கவிழ்த்தால் தடையின்றி உருண்டோடித் தாழ்ந்த குவியலாகும். மைதாமாவைக் கவிழ்த்தால் பொதபொதவென்று விழுந்து செங்குத்தாய் நிற்கும். இக்குவியலின் சரிவை அளந்தே பொடியின் ஓட்டத்தை மதிப்பிடுகின்றனர். சரிவு 30 பாகைக்குள் இருப்பின் மிகச்சிறந்த ஓட்டம். 35 வரை நன்று. 46ஐத் தாண்டினால் தாழ்வு.

ஓட்டம் ஏன் இன்றியமையாதது? சுழல் அழுத்தெந்திரம் மணிக்கு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மாத்திரைகளைச் செய்யவல்லது. அதன் அச்சுக்குழி ஒவ்வொன்றும் கண்ணிமைப் பொழுதிற்குள் நிறையவேண்டும். எந்திரம் எடையை நிறுப்பதில்லை. குழியின் கொள்ளளவையே அளக்கிறது. படியில் அரிசி அளக்கும்போது குலுக்கி அளந்தால் ஒரு கணக்கு, குலுக்காமல் அளந்தால் ஒரு கணக்கு என்பதை மூத்தோர் நன்கறிவர். பொடி சீராக ஓடாவிடின் ஒரு மாத்திரை கனக்கும், மற்றொன்று மெலியும். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள மாத்திரைகளில் சராசரியிலிருந்து நூற்றுக்கு ஐந்து வரை வேறுபாட்டையே இந்திய மருந்துத்தர நூல் பொதுவாக ஏற்கிறது. குலுக்கும்போது பொடி எவ்வளவு அமிழ்கிறது என்பதற்கும் அளவை உண்டு. நூறு மில்லிலிட்டர் பொடி குலுக்கியபின் எண்பத்தைந்தாக அமிழ்ந்தால் அதன் அமிழ்வு எண் 15. அது நல்ல பொடி. 25ஐக் கடந்தால் ஓட்டம் குன்றிய பொடி.

காப்பி விளையும் மலையில் இம்முரண்பாட்டை விளக்குவது எளிது. காப்பிக்கொட்டையை மிக நைசாக அரைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கொரகொரப்பாக அரைத்தால் டிகாஷன் நீர்த்துப்போகும். இடைப்பட்ட பதம் ஒன்றைத் தேடியே வீடுதோறும் காப்பி அரைக்கப்படுகிறது. மருந்தியலாருக்கோ இடைப்பட்ட பதம் போதவில்லை. நுண்பொடியின் களித்திறனும் வேண்டும். குருணையின் ஓட்டமும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறும் முயற்சியே துணைப்பொடிகளைச் செம்மைப்படுத்தும் கலையாக வளர்ந்தது.

பொடியைச் செம்மைசெய்யும் வழிகள்

முதலாவது, ஈரக் குருணையாக்கம். பொடியைப் பிணைப்புநீர் தெளித்துப் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, உலர்த்திச் சிறுமணிகளாக்குவது. ரவையைப்போல் ஓடும். எச்.பி.எம்.சி. போன்ற பொடி நீர்பட்டால் களியாகிக் கட்டிதட்டும் இயல்புடையது. ஆதலின் இதில் விழிப்பு வேண்டும். மேலும் உலர்த்துவதற்கு நேரமும் எரிபொருளும் செலவாகும்.

இரண்டாவது, உலர் குருணையாக்கம். இரு உருளைகளுக்கிடையே பொடியை நெருக்கித் தகடாக்கி, உடைத்துக் குருணையாக்குவது. நீரும் வெப்பமும் தாங்காத மருந்துக்கு இது ஏற்றது. ஆனால் ஒருமுறை அழுத்துண்ட பொடி, மறுமுறை அழுத்தும்போது முன்போல் இறுகுவதில்லை.

மூன்றாவது, துகளின் வடிவையே மாற்றுவது. எச்.பி.எம்.சி. துகள்கள் நார்போல் நீண்டு ஒன்றோடொன்று சிக்கும் இயல்பின. அரைக்கும் முறையையும் உலர்த்தும் முறையையும் மாற்றி அவற்றின் நீளத்தைக் குறைத்து, ஓட்டமுள்ள பொடியாக ஆக்கியுள்ளனர். அத்தகைய பொடியை மருந்தோடு கலந்து நேரே அழுத்தலாம். குருணையாக்கும் படி தேவையில்லை.

நான்காவது, கூட்டுச்செய்முறை. இரு துணைப்பொருள்களை வெறுமனே கலக்காமல், ஒன்றன் துகளோடு மற்றொன்று பிரியாதபடி இணைத்து ஒரே பொடியாக்குவது. 1955இல் பட்டிஸ்டா என்பவர் அமெரிக்காவில் கண்டறிந்த நுண்படிகச் செல்லுலோஸ் மாத்திரைத் தொழிலின் போக்கையே மாற்றியது. அப்பொடியோடு நூற்றுக்கு இரண்டு பங்கு நுண்சிலிக்காவை இணைத்தபோது ஓட்டமும் இறுகுதிறனும் ஒருங்கே மேம்பட்டன. இரண்டு பங்குச் சிலிக்காவே இவ்வளவு செய்கிறது என்பது எண்ணத்தக்கது.

இவற்றோடு கலப்பின் சீர்மையும் வேண்டும். பெரும்பாறைச் சாலையில் ஜீப்பில் குலுங்கிவரும் மிளகுச் சாக்கில் பெரிய மணிகள் மேலேயும், தூசு அடியிலும் சேர்வதைக் காணலாம். மருந்துப்பொடியும் அவ்வாறே பிரியும். துகள்கள் ஏறத்தாழ ஒரே பருமனாயின் பிரிவு குறையும். வழுவழுப்பிற்கான மெக்னீசியம் ஸ்டியரேட்டை அளவுக்கு மிஞ்சி நேரம் கலந்தாலும் கேடு உண்டு. நீரை ஒட்டவிடாத அப்பொருள் துகள்தோறும் படலமாய்ப் படர்ந்து, மாத்திரையின் உறுதியையும் கரைதலையும் குறைத்துவிடும். ஈரமும் பகையே. மழைக்காலத்துப் பெரும்பாறையில் உப்புச்சாடி எவ்வாறு கசிகிறதோ, அவ்வாறே பொடிகளும் காற்றின் ஈரத்தை ஏற்றுக் கட்டியாகும்.

சர்க்கரை நோய்க்குரிய மெட்ஃபார்மின், இவ்வனைத்து இடர்களும் ஒருங்கே அமைந்த எடுத்துக்காட்டு. அது நீரில் மிக எளிதாகக் கரையும். ஆகவே கட்டுப்படுத்துவது அரிது. ஒரு மாத்திரைக்கு 500 மில்லிகிராம் வேண்டும். ஆகவே துணைப்பொடிக்கு இடம் குறைவு. தானே நன்கு இறுகுவதுமில்லை. அதன் நெடுநேர வகைக்கு அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் இசைவளித்தது. அம்மாத்திரை பெரிதாக இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். விழுங்க அரிதாயிருப்பதும் அதனாலேயே. இடிக்கும் எண்ணம் தோன்றுவதும் அதனாலேயே. துணைப்பொடி மேம்பட்டால், அதே காலக்கட்டுப்பாட்டைக் குறைந்த பொடியால் பெற்று மாத்திரையைச் சிறிதாக்க வழி பிறக்கும். ஆய்வுக்கூடத்துச் சிக்கல் பாட்டியின் தொண்டைக்கு வந்து நிற்கும் இடம் இதுவே.

நம் மண்ணின் புளியங்கொட்டை

இத்துணைப்பொடிகளுள் நம் மண்ணிற்கும் பங்குண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் சாலையோரமெங்கும் புளியமரங்களைக் காணலாம். புளியைத் தட்டி எடுத்தபின் எஞ்சும் கொட்டையின் பருப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி சைலோகுளுக்கான் என்னும் கூட்டுச்சர்க்கரை. அது நீரிற் குழைந்து பசையாகும். பறையின் தோலை ஒட்ட நம் கலைஞர் பயன்படுத்தியது இப்பசையே. இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டுத் துணியாலைகளில் நூலுக்குக் கஞ்சியிட இம்மாவு பயன்பட்டு வருகிறது. ஜப்பானில் உணவைக் கெட்டிப்படுத்தவும் இதைத் தூய்மை செய்து பயன்படுத்துகின்றனர். நெடுநேர மாத்திரைக்குரிய களிப்பொடியாகப் புளியங்கொட்டைப் பசைப்பொருளை ஆராய்ந்த ஆய்வுகள் பல இந்திய மருந்தியற் கல்லூரிகளில் நிகழ்ந்துள்ளன. இராஜஸ்தானத்தில் மிகுதியாக விளையும் கொத்தவரைவகை விதையின் கோந்தும் இவ்வாறே ஆராயப்பட்டுள்ளது.

ஆயினும் உணர்ச்சிவயப்பட்டு, நம்முடையது ஆதலின் சிறந்தது என்று கூறிவிடலாகாது. மரத்திற்கு மரம், பருவத்திற்குப் பருவம் கொட்டையின் இயல்பு மாறும். பருப்பில் கொழுப்பும் புரதமும் கலந்துள்ளன. நுண்ணுயிர் பெருகும் இடருமுண்டு. கொழுப்பு நீக்கி, பசைப்பொருளை மட்டும் பிரித்து, உலர்த்தி, ஒரே நுண்மைக்குச் சலித்து, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தாலன்றி அது மருந்துக்கு ஆகாது. ஒரு தொகுதி பன்னிரண்டு மணிக்கும் அடுத்தது எட்டு மணிக்கும் மருந்தை விட்டால், அது பொடியின் குறை மட்டுமன்று. நோயாளியின் உயிர்க்கே இடர். சீர்மையே செம்மை. நம் அறிவியல் மாணவர் ஈடுபடத்தக்க களம் இது.

இல்லந்தோறும் அறியவேண்டியவை

மருந்துப்பெயரின் பின் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ரிடார்டு என்னும் குறிகள் இருப்பின், அது பெரும்பாலும் நெடுநேர மாத்திரை. அதை இடிக்கவோ, மெல்லவோ, நீரிற் கரைக்கவோ கூடாது. நடுக்கோடு உள்ள சிலவற்றை மட்டும் மருத்துவர் இசைந்தால் இரண்டாக்கலாம். அவற்றையும் பொடித்தல் ஆகாது. விழுங்க இயலாதோர் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லல் வேண்டும். நீர்ம வடிவமோ சிறிய மாத்திரையோ வேறு மருந்தோ தர அவருக்கு வழியுண்டு. சொல்லாமல் உரலை நாடுவதே தீங்கு.

சில நெடுநேர மாத்திரைகளின் கூடு மலத்தில் முழுதாக வெளிவரும். மருந்து கரையவில்லை என அஞ்ச வேண்டா; மருந்து வெளியேறியபின் எஞ்சிய களியோ ஓடோதான் அது. மாத்திரைகளை அட்டையினின்று பிரித்து டப்பாவில் கொட்டிவைத்தல், ஈரம் மிக்க மலையூர்களில் சிறப்பாகத் தவிர்க்கத்தக்கது.

நோன்பு நோற்கும் மூத்தோர், மூன்றுவேளை மருந்தை ஒருவேளையாக்க இயலுமா எனக் கேட்பதுண்டு. நெடுநேர வகை சிலருக்கு அவ்வாய்ப்பைத் தரலாம். ஆனால் ரமலானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, ஸஹருக்கு எது, நோன்பு திறந்தபின் எது என்று கேட்டறிதல் வேண்டும். தாமே மாற்றிக்கொள்ளலாகாது. துணைப்பொருள்களின் மூலம் பற்றியும் வினா எழுகிறது. உறைமருந்தின் ஜெலட்டின் விலங்கினின்று பெறப்படுவது. மெக்னீசியம் ஸ்டியரேட் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எச்.பி.எம்.சி. தாவரவழியது, அதனாற் செய்த உறைகளும் உள்ளன. ஐயமுடையோர் மருந்தாளுநரைக் கேட்கலாம். ஆயின் ஐயத்தின் பொருட்டு மருந்தைத் தாமே நிறுத்திவிடுதல் தகாது.

நிறைவாக

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன். நான்காமவனை அவர் விட்டுவிடவில்லை. மருந்தியலார் துகளின் நுண்மையை அளந்து, ஓட்டத்தைச் செம்மைசெய்து, களியின் காலத்தைக் கணக்கிட்டு ஒரு மாத்திரையை அனுப்புகின்றனர். அவ்வுழைப்பு முழுவதும் இறுதியில் உடனிருப்பவன் கையில் தங்குகிறது. மலையூர்களில் அவ்வுடனிருப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளே. அவர்களுள் பலர் நம் கல்லூரி மாணவர்.

அடுத்த ஆண்டு முகாமிற்குச் சென்றபோது அம்மூதாட்டியின் வீட்டிற்குப் போயிருந்தோம். மருந்து மாற்றப்பட்டிருந்தது, சிறிய மாத்திரை. பேரன் அதன் அட்டையில் ஒரு தாளை ஒட்டி, "இடிக்கக் கூடாது, காலையில் ஒன்று" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. எனினும், "அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியுமே" என்று சிரித்தார். உரல் பாக்குக்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

மருந்து அட்டைகளில் இத்தகைய எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சாகிறது. அதைத் தமிழில் எழுதி ஒட்டப் பட்டம் தேவையில்லை. ஒரு தாளும் சிறிது பசையும் போதும். குறிலையும் நெடிலையும் பிரித்தறியக் கற்ற நம் மாணவர், தம் வீட்டு மாத்திரைகளிலும் குறிலெது, நெடிலெது என்று இன்றே எடுத்துப் பார்ப்பாராக.